நான் வாங்கியிருக்க வேண்டிய படகு

தேவராஜ் சார் போய்விட்டார். காலையில் திண்டிவனத்திலிருந்து போன்... இன்னும் மனசு ஒரு நிலையில் இல்லை.

அப்போது அங்கே பள்ளிக்கூடத்தில் அவர் டிராயிங் மாஸ்டர். நான் சயின்ஸ். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாக எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

எண்பதுகளின் கடைசி. காயலான் கடை வாசலில் ஒரு பழைய ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. ஏதோ போட் ஹவுஸில் கழித்துக் கட்டியது. அடியில் ஒரு குடம் நுழையும் ஓட்டை, மூக்கில் விரிசல்.

முதலில் பார்த்தவன் நான். அவரைக் கூட்டிப்போய்க் காட்டியவனும் நான். கடைக்காரரிடம் "யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் படகு அவர் வீட்டு வாசலில்!

"நீங்க யோசிச்சிக்கினே இருந்தீங்க சார். நான் ஜல்தியா தூக்கிக்கினு வந்துட்டேன்" என்று சிரித்தார். கோபப்படவும் முடியவில்லை.

அவருக்குப் படகு வேலை தெரியாது. கையில் காசும் கிடையாது. ஓட்டையை அடைக்க ரெசின் பசையும் கண்ணாடி நார்ப் பாயும் மட்டும் பாண்டிச்சேரியில் வாங்கினார். துடைக்கத் தின்னருக்குப் பதில் ரேஷன் மண்ணெண்ணெய்.

மறுநாள் ஒட்டு முழுசாக, அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. தோசை ஒட்டக் கூடாதென்றுதானே கல்லில் எண்ணெய் தடவுகிறோம்? எண்ணெய்ப் பசையில் ரெசின் எப்படிப் பிடிக்கும்!

அடுத்த தடவை, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் அதிகமாகி, மக்கிலேயே ரெசின் புகைந்து கல்லாகிவிட்டது. "பாலுக்கு உறை ஊத்துற மாதிரி சார். வெயில் நாள்ல கொஞ்சமா ஊத்தணும்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகள் என்னிடமே வந்து, "ரெசின் எப்படி இறுகுதுன்னு டிராயிங் சார் தயிர வெச்சு சூப்பரா சொன்னாரு சார்!" என்றார்கள். என் உதாரணம்... என் உதாரணம் அது.

மழைக்குப் பிறகு ஏரி நிறைந்தது. படகுக்குப் பச்சை பெயின்ட், சந்தனம், சாமந்தி மாலை. கரையில் ஒரே கூட்டம்.

புது வண்டி என்றால் தேங்காய் உடைக்க வேண்டாமா? சார் ஓங்கி உடைத்தார்... படகின் மூக்கிலேயே. தேங்காய் உடையவில்லை. மூக்கில் போட்டிருந்த ஒட்டு விண்டது.

இனி மனுஷன் வெளியே தலை காட்ட மாட்டார் என்று நினைத்தேன். அவரோ சேற்றில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "தேங்கா நல்ல தேங்கா சார். நம்ம வேலதான் பேஜாரு!"

கூட்டமே அவரோடு சேர்ந்து சிரித்தது. வகுப்பில் ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்தாலே எனக்குச் சோறு இறங்காது. இவருக்கு மட்டும் எப்படி...

விரிசல் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான். தார் பூசித் தள்ளினார்கள். மிதந்தது.

"வாங்க சார், மொத சவாரி உங்களுக்குத்தான்" என்று கூப்பிட்டார்.

ஏற வேண்டும் என்று உயிர் துடித்தது. வாயில் வந்ததோ, "வேட்டி நனைஞ்சிடும் சார்."

"அவரு கெடக்கட்டும், நான் வர்றேண்ணா" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள் என் மனைவி. நான் கரையில் அவள் செருப்புக்குக் காவல்.

வெயில் வந்தது, ஏரி வற்றியது. அடுத்த மழைக்குள் அவருக்கு மாற்றல். படகை யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார். நான் ஏறவே இல்லை.

இன்று செய்தி சொன்னதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நடு ஏரில துடுப்ப என் கையில குடுத்துட்டாருங்க அண்ணன். நீயே ஓட்டும்மான்னாரு... நான்தான் கரைக்கு ஓட்டிக்கினு வந்தேன்."

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

போய் வாங்க, டிராயிங் மாஸ்டர். இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு.