தோளில் பட்ட கை

என் மனைவிக்கு முட்டி வலி. உடம்பு கூடிப்போச்சு. ஒன்பது தைப்பூசமாகப் பத்துமலையில் நான் மட்டும்தான் பால்குடம் தூக்கி ஏறினேன். அவள் என் செருப்பை வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நிற்பாள்.

கல்யாணமான புதிதில் சேர்ந்துதான் ஏறுவோம். மூச்சு வாங்கினால் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை எனக்கு மறுபடி வேண்டும். சொன்னதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் மூலிகைப் பொடி வாங்கி வந்தாள். இளைக்கிறதுக்காம்.

"நாலு வாரத்துலே உங்க வீட்டுக்காரரே அடையாளம் தெரியாம ஐ.சி. கார்டு கேப்பாருன்னு கடைக்கார அக்கா சொன்னாங்க."

"கேக்க மாட்டேன் லா. குரல் அதேதானே இருக்கும்."

"அதுக்கும் பொடி இருக்கான்னு கேட்டுட்டு வரவா?"

அந்த முறை அவளும் என்னோடு தைப்பூச விரதம் ஆரம்பித்தாள். அன்றைக்கே பொடியையும் ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு நாள். ஒரு வேளைச் சோறு. கறி, மீன் இல்லை. தே தாரிக் டீயும் இல்லை. எடை இறங்கியது. இரண்டு பேரும் பொடியைத்தான் கும்பிட்டோம். விரதத்தை நினைக்கவே இல்லை.

அந்த வருஷம் அவளும் ஏறினாள். பாதிப் படியில் என் தோளில் கை வந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் எடுத்துவிடுவாளோ என்று.

விரதம் முடிந்தது. கோழிக்கறி வந்தது. உடம்பும் வந்தது. பொடி பத்தவில்லை என்று இரண்டு கரண்டி ஆக்கினாள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒரு காலையில் மயங்கி விழுந்தாள். கிள்ளானில் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பொடி டப்பாவைத் திருப்பிப் படித்தார்.

"ஆன்டி, இது பேதிக்குக் குடுக்கிற இலை. தண்ணிதான் போகும், கொழுப்பு போகாது. நீங்க சொன்ன விரதத்துலே எடை குறைஞ்சது சாப்பாட்டைக் குறைச்சதாலே."

"அப்போ விரதமே இருக்கேன் டாக்டர்."

"கிட்னி பலவீனமா இருக்கு. ஒரு வேளைச் சாப்பாடெல்லாம் இனி வேண்டாம். அளவாச் சாப்பிடுங்க. நடங்க."

சாயங்காலம் திடலைச் சுற்றி நடக்கிறோம். எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. படி ஏற முட்டி விடவில்லை.

லோரி ஓட்டும் வேலையாகப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் அந்தக் கடை முன்னால் நிற்பேன். டப்பா அடுக்கியிருக்கும். அதில் ஒன்றும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நிற்பேன்.

இந்தத் தைப்பூசத்திலும் தனியாக ஏறினேன். கூட்டம். தோளில் எத்தனையோ கை பட்டது. எதுவும் அவள் கை இல்லை.

இறங்கி வந்தேன். நின்ற இடத்திலேயே நின்றாள். செருப்பைக் கீழே போட்டாள். ஒரு காலைத் தூக்கினேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். மாட்டின பிறகும் கையை எடுக்கவில்லை.