மேலே ஒருவர், கீழே ஒருவர்

குளியலறைச் சுவரோரக் குழாயில் கசிவு. திருவொற்றியூரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளனுக்கு, அது விருந்தாளி வந்த மாதிரி. மொட்டைமாடி வால்வை மூடிவிட்டு, முறைப்படி குழாயைத் துடைத்துக் காயவைத்தேன். அடுத்து, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டிக்கொடுக்க முகப்பவுடர் தூவவேண்டும். என் மனைவி போனபிறகு இந்த வீட்டுக்குப் பவுடர் வந்ததில்லை. கடையில் வாங்கிவந்து டப்பாவைத் திருகினேன். அந்த வாசனைக்கு மல்லிகைப்பூ என்று பெயர் போட்டிருந்தது. எனக்கென்னவோ டீசல் ஞாபகம்தான் வந்தது.

ராயபுரத்தில் எங்கள் யார்டில் சரக்கு இழுக்கும் கிழட்டு டிராக்டர் ஒன்று இருந்தது. கிளட்ச் பெட்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டும். எஞ்சின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை மாற்றினோம், சொட்டியது. மறுபடி மாற்றினோம், மரியாதையாக மறுபடி சொட்டியது. வண்டியைக் கழித்துக்கட்டிவிட்டு, அதன் டிரைவர் லூர்துவை எண்ணூருக்கு மாற்றுவதென்று மேலிடம் முடிவு செய்தது. மேலிடம் என்பது டிராக்டருக்கு அடியில் படுத்தறியாத இடம்.

"எண்ணூர் போனா மத்தியானம் வூட்டுக்கு எப்டி சார் வருவேன்? அதுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்றார் லூர்து. 'அது' என்றால் படுத்த படுக்கையாக இருந்த அவர் மனைவி.

வண்டியை டீசலால் கழுவித் துடைத்தோம். பவுடர் வேண்டும் என்றேன். லூர்து வீட்டுக்கு ஓடி ஒரு டப்பாவோடு வந்தார்.

"இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'எவளுக்குப் பூசப் போற நைனா?'ன்னு கேக்குது."

"நீ என்ன சொன்னே?"

"உன்னவிட கிழவி ஒருத்தி கீறா, அவளுக்குன்னேன்."

கசிவு தேடுவது ஒருவர் வேலையல்ல. ஒருவர் மேலே உட்கார்ந்து எஞ்சினை முடுக்கவேண்டும். இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்கவேண்டும். முடுக்குவதற்கு எங்கள் யார்டில் 'ரேஸ் குடுப்பது' என்று பெயர்.

"லூர்து, ரேஸ் குடு!"

மேலே உறுமியது. பவுடர் பூசி வெள்ளைவெளேரென்றிருந்த எஞ்சினின் பின்புறத்தில், உச்சியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய குழாயின் இணைப்பு. எண்ணெய் அங்கே கசிந்து, முதுகு வழியாக ஓடி, அடியில் வந்து சொட்டியிருக்கிறது. எண்ணெய் சொட்டிய இடத்துக்கே நாங்கள் வைத்தியம் பார்த்திருக்கிறோம். தேய்ந்த செப்பு வாஷர்தான் குற்றவாளி.

"கெடச்சிதா சார்?" என்று மேலிருந்து கேட்டார்.

"கெடச்சிது. எண்ணூர் கேன்சல்."

மேலே ரேஸ் இன்னொரு முறை ஏறி இறங்கியது.

அந்த மத்தியானம் அவர் கஞ்சி ஊத்தப் போனார், பாதி காலியான டப்பாவோடு. அவர் மனைவி போய்ச் சேரும்வரை ராயபுரத்திலேயே இருந்தார். பிறகு அவரும் போனார். யார்டு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள்.

குழாய்க்குப் பவுடர் தூவிவிட்டு மாடியேறி வால்வைத் திறந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் பவுடர் முழுவதும் நனைந்துவிட்டது. எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. மறுபடி மேலே போய் வால்வை மூடிவிட்டு வந்து துடைத்தேன், தூவினேன். பிறகு மாடிப்படிப் பக்கம் பார்த்து, மெல்லத்தான், "லூர்து, ரேஸ் குடு" என்றேன்.