கழுத்தில் முடி வளராத ஆடு

ஆய்வகங்களுக்கு ஆட்டு ரத்தத் தட்டு செய்து விற்கும் முதலாளியே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். 'ஆரோக்கியமான செம்மறிகளின் ரத்தம்' என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறீர்கள். அந்தச் செம்மறிகளை நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், பேச்சு அதிலேயே நின்றுவிடும். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் திருவள்ளூரில் ஒரு சின்ன மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தொண்டை வலியோடு ஒரு பிள்ளை வந்தால், பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் துடைத்து, கிருமி வளர்க்கும் கூழில் ஆட்டு ரத்தம் கலந்து ஊற்றிய தட்டில் தேய்த்து, ஒரு நாள் வெப்பப் பெட்டியில் வைப்போம். ஒரு கெட்ட கிருமி இருக்கிறது. அது ரத்த அணுக்களை உடைத்துத் தன்னைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறோம். தவறவிட்டால் சில பிள்ளைகளுக்குப் பிற்பாடு இதய வால்வு கெட்டுப்போகும். உலகத்தில் பாதி ஆய்வகங்கள் இதற்குச் செம்மறியைத்தான் நம்பியிருக்கின்றன. மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் எலியைப் பற்றிப் பேசுகிறோம், முயலைப் பற்றிப் பேசுகிறோம். ஆட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கொஞ்ச நாளாக வந்த தட்டுகள் வெளுத்திருந்தன. நல்ல சிவப்பாக இருக்க வேண்டியது ரோஸ்மில்க் நிறத்தில் வந்தது. வட்டம் சரியாகத் தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். "உங்க ஃப்ரிட்ஜ்தான் சரியில்ல மேடம்" என்றார்கள். என் ஃப்ரிட்ஜ் நன்றாகவே இருக்கிறது. பெட்டி இறக்க வந்த டிரைவரிடம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஓர் ஊரைச் சொன்னார். வியாழக்கிழமை காலையில் வேன் போகும் என்றும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டேன்.

காலை 5.20. திருவள்ளூர் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டியும் எங்கள் மாவட்டம்தான். ஆனால் நேர் ரயில் கிடையாது. சென்னை வரைக்கும் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்து வடக்கே ஏற வேண்டும். ஊத்துக்கோட்டை வழியாகப் பேருந்தில் போகலாம். எனக்குப் பேருந்தில் குமட்டும். சீட்டு இருபது ரூபாய். வேப்பம்பட்டில் வேலைக்குப் போகும் கூட்டம் ஏறியது. அதற்குப் பிறகு கால் மாற்றி நிற்கக்கூட இடமில்லை.

காலை 6.50. பேசின் பிரிட்ஜிலிருந்து போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எண்ணூர் வரை புகையும் உப்புக் காற்றும். அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீஞ்சூர் தாண்டியதும் காற்று மாறிவிடும். பொன்னேரியில் நடவு முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றிருந்தன. எதிர் இருக்கையில் ஒரிசாக்காரப் பையன்கள் நாலு பேர், சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். கவரைப்பேட்டையில் ஒருவன் மட்டும் கண் விழித்து, இன்னும் வரவில்லை என்று கண்டு, மறுபடி தூங்கினான்.

காலை 8.10. கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி தின்றேன். மாதர்பாக்கம் சாலையில் போகும் ஷேர் ஆட்டோ பிடித்தேன். முப்பது ரூபாய். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தேன்.

"ஆடு வாங்கவா போற மேடம்?"

"வாங்கல. பாக்கப் போறேன். கம்பெனிக்கு ரத்தம் குடுக்கிற ஆடு."

"ஓ, அந்த ஆடா. எங்க ஊர்ல கேம்ப்பு போட்டா மனுசன் ஒருத்தன் வர மாட்டான். ஆடு பாரு, வாரா வாரம் குடுத்துகினு கீது. அதுக்கு ஒரு ஜூஸு, பிஸ்கோத்து குடுத்தானுங்களா கேளு."

பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாரா வாரம் என்று அவர் சொன்னது எனக்குச் சிரிப்பாக இல்லை.

சிப்காட்டைத் தாண்டும் வரை இரும்பு உருக்கும் ஆலைகள். சாலையோரக் கருவேல மரங்களின் இலை பழுப்பாகத் தூசி படிந்திருக்கிறது. ஆறேழு கிலோமீட்டர் போனதும் ஏரிக்கரை வருகிறது. அங்கிருந்து ஊர் பத்து நிமிட நடை. ஊர்ப் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்; கம்பெனியை நம்பிப் பிழைப்பவர்கள்.

காலை 9.00. ரத்தம் கொடுக்கும் ஆடுகள் யாருடையவை என்று விசாரித்துத் தேசம்மாவின் வீட்டுக்குப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் சிப்காட்டில் ஓர் உருக்காலையில் வேலை. பதினெட்டு செம்மறிகள், எல்லாம் இந்தப் பக்கத்துச் செம்பழுப்பு ஆடுகள், உடம்பில் கம்பளி இல்லாமல் குட்டை முடியோடு இருப்பவை. கம்பெனியோடு வாய்ப்பேச்சில் ஒப்பந்தம். தீவனமும் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கம்பெனி தரும். ரத்தம் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஆடு செத்தால் மாற்று ஆடு தரும்.

நான் யார் என்று சொன்னேன். "அப்போ எங்க ஆட்டு ரத்தம் உன் கையிலதான் வருதா அக்கா? வா, உக்காரு" என்று மோர் கொடுத்தார்.

மோர் குடித்துக்கொண்டே ஆடுகளைப் பார்த்தேன். ஊசி போடக் கழுத்தில் முடியை மழிப்பார்கள். பெரும்பாலான ஆடுகளுக்கு மழித்த இடத்தில் முடி வளர்ந்து மூடிவிட்டது. நாலைந்துக்குப் பாதி வளர்ந்திருந்தது. காது குட்டையாக இருந்த ஒரு பெட்டைக்கு மட்டும் கழுத்து மொட்டையாக, தழும்பு மேல் தழும்பாக இருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பைபோலத் தொங்கியது. பெயர் மூளி.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். மூளிக்குக் காகிதம்போல வெள்ளையாக இருந்தது. என் தட்டு ஏன் வெளுத்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இதுகிட்ட மட்டும் ஏன் திரும்பத் திரும்ப எடுக்கறாங்க?"

"இது ஒதைக்காது அக்கா. மத்ததெல்லாம் பேஜாரு. இத புடிச்சா நின்னுக்கும். நானே புடிச்சுக் குடுத்துடுவேன். சீக்கிரம் முடியும்ல."

"ரத்தம் ஊற வேணாமா?"

"அதுக்குத்தான் பீட்ரூட் போடறேன். எங்க ஆளு கேன்டீன்லருந்து தோலு மூட்டையா எடுத்தாருவாரு. எம் பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னப்போ எல்லாம் பீட்ரூட்டுதான சாப்ட சொன்னாங்க."

ஒரு கூடை நிறையப் பீட்ரூட் தோல் இருந்தது. ஆடுகளின் வாயெல்லாம் சிவப்பு. நான் கோபப்படவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னேன். நிறத்தால் ரத்தம் ஊறாது. கடலைக்கொடி, புண்ணாக்கு, அகத்தி, தாது உப்பு, இவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஓய்வு வேண்டும். ஒரு தடவை எடுத்தால் மூன்று நாலு வாரம் அந்த ஆட்டைத் தொடக்கூடாது. ஏரியின் ஈரப் புல்லில் மேய்ந்தால் வயிற்றில் புழு சேரும். அதுவும் ரத்தம் குடிக்கும் புழு. மூளியைப் புழு ஒரு பக்கம் குடிக்கிறது, கம்பெனி ஒரு பக்கம் குடிக்கிறது. இன்னொரு தடவை எடுத்தால் பிழைக்காது.

தேசம்மா கூடையைக் காலால் தள்ளிவிட்டார். "வயித்துல குட்டி கீது அதுக்கு" என்றார்.

காலை 10.15. வேன் வந்தது. ரத்தம் எடுப்பவர் பாஸ்கர். நாற்பது வயது, நல்ல மனிதர், வந்ததும் என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கண்ணாடி மணிகள் போட்ட பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்தார். ரத்தம் உறையாமல் இருக்க அந்த மணிகளோடு குலுக்குவார்கள். நேராக மூளியிடம் போனார். நான் குறுக்கே நின்றேன். இமையைத் திறந்து காட்டினேன்.

"தெரியுது மேடம். நான் இன்னா பண்றது? பன்னெண்டு மணிக்குள்ள பத்து பாட்டிலு போயாவணும். ஒதைக்கிற ஆட்டுகிட்ட ஒரு பாட்டிலு எடுக்கவே அரை மணி ஆவுது. ஒத்த ஆளு நான்."

"ஆபீசுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார். அந்தப் பக்கம் ஒரு குரல், சாப்பிட்டுக்கொண்டே பேசியது.

"ஆடு நிக்குதா?"

"நிக்குது சார். ஆனா கண்ணு வெளுத்து..."

"நிக்கிற ஆடுன்னா எடு. செத்தா மாத்திக் குடுத்துக்கலாம். வை."

இதுதான் உங்கள் தரக் கட்டுப்பாடு, முதலாளியே. சோதித்துப் பார்ப்பதைவிட மாற்று ஆடு தருவது உங்களுக்கு மலிவு.

தேசம்மா பாஸ்கரைப் பார்த்தார். "உன் ஊட்டுக்காரி மாசமா இருந்தா, நிக்குறாளான்னு பாத்துட்டு ஊசி போடுவியா நைனா?"

"அக்கா, என்ன ஏன் கேக்குற."

"உன்னக் கேக்கல. அந்தாளக் கேக்க முடியாதுன்னு உன்னக் கேட்டேன்."

தேசம்மா மூளியின் கயிற்றை அவிழ்த்தார். வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"தீவனம் நிறுத்திடுவாங்கக்கா" என்றார் பாஸ்கர். மிரட்டலாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

"நிறுத்தட்டும். மத்த ஆட்டுல எடுத்துக்க. நானும் புடிக்கிறேன், இந்த அக்காவும் புடிக்கும்."

பிடித்தேன். முடி முழுசாக வளர்ந்திருந்த ஆடுகளை, இமை சிவப்பாக இருந்தால் மட்டும். என் முழங்காலில் ஓர் ஆடு உதைத்தது. பாஸ்கருக்கு இரண்டு உதை. ஒரு பாட்டில் உடைந்தது. பத்துக்கு ஆறுதான் கிடைத்தது. ஆனால் அந்த ஆறிலும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது. அப்படி ஒரு சிவப்பைப் பார்த்து எனக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது. பாஸ்கரும் ஒரு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

பகல் 1.30. கிளம்பினேன். வீட்டுக்குள் மூளி எதையோ உருட்டிவிட்ட சத்தம் கேட்டது. "அரிசிப் பானதான்" என்று தேசம்மா உள்ளே ஓடினார். திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. திருவள்ளூரில் எங்கள் மருத்துவமனையில் ரத்தம் கொடுக்க ஒருவர் வந்தால் முதலில் விரலில் குத்திச் சோதிப்போம். குறைவாக இருந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புவோம். மூன்று மாதம் ஆகாமல் ஓர் ஆணிடம் மறுபடி எடுக்க மாட்டோம். பெண்ணிடம் நாலு மாதம். ஆட்டுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

மறுவாரம் தேசம்மா போன் செய்தார். தீவனம் நின்றுவிட்டது. வேன் வரவில்லை. பாஸ்கரைக் கேட்டால், கம்பெனி வேறு ஊரில் வேறு ஆடுகளைப் பார்த்துக்கொண்டது என்றாராம். மூளி கொஞ்சம் தேறியிருக்கிறது. குட்டி தங்குமா என்று இன்னும் சொல்ல முடியாது. புழு மருந்தைக் கைக்காசு போட்டு வாங்கியிருக்கிறார்.

எனவே முதலாளியே, எனக்குப் போன் செய்ய வேண்டாம். விலையில் தள்ளுபடி தர ஆள் அனுப்ப வேண்டாம். இந்தக் கட்டுரை வந்த இடத்திலேயே, உங்கள் தட்டை வாங்கும் ஒவ்வோர் ஆய்வகமும் படிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். ஓர் ஆட்டிடம் எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடுக்கிறீர்கள்? எடுக்கும் முன் அதன் இமையைப் பார்க்க யாரை வைத்திருக்கிறீர்கள்? அந்தப் புது ஊரிலும் உதைக்காத ஓர் ஆடு இருக்கும். அது எந்த ஊர்?