பட்டு நூல் சுற்றிய கம்பி

பச்சைமுத்துவை ஓர் இடத்தில் உட்கார வைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். பெங்களூரு வைட்ஃபீல்ட் அடுக்குமாடிகளில் அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மேலும் கீழும் போய் வந்தவன் வீட்டிலாவது அடங்குவானா? பொம்மனஹள்ளியில் அவன் வீட்டுக்குப் போனால், பாட்டுக்கு அடியில் கனத்த நாதம் கொடுக்கும் பாஸ் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே பேசுவான். எங்கள் மெல்லிசைக் குழுவில் அவன் பாஸ், நான் டோலக். எனக்கே பொறுமை கிடையாது. அவன் பக்கத்தில் நான் சாமியார்.

ஒருநாள் குழுவின் வாட்ஸப்பில் யாரோ எங்கள் கச்சேரி வீடியோவைப் போட்டார்கள். பாட்டு கேட்டது, என் டோலக் கேட்டது. முத்துவின் விரல்கள் ஓடுகின்றன, சத்தம் மட்டும் இல்லை.

"போன்ல பாஸ் ஏறாதுடா" என்றேன்.

"அப்ப நான் இத்தன நாளா மேடையில சும்மா நிக்கிறேனா?"

இந்தக் கேள்விதான் அவனை அரித்தது. காலடியில் இருக்கும் சின்ன ஆம்ப் பெட்டியில் அவனுக்குத் தன் வாசிப்பு கேட்கிறது. கூட்டத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று தெரிந்தாக வேண்டும். தூக்கம் போயிற்று.

கடைசியில் பழியைப் பட்டு நூல் மேல் போட்டான். பாஸ் கம்பி சிலவற்றில் இரண்டு முனையிலும் கலர் நூல் சுற்றி வரும். பட்டு என்பது பேர்தான். மேல் முனையில் அது முறுக்கும் சாவியோடு நின்றுவிடும், தொந்தரவு இல்லை. ஆனால் இவன் கிட்டாரில் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து துளை வழியே ஏற்றுவதால், கீழ் முனை நூல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் மேலேயே வந்து உட்கார்ந்தது. "நாதத்தையே அமுக்குதுடா" என்றான். கடைக்காரரைக் கேட்டால் அது அழகுக்கு என்றார். இன்னொருவர் அது இல்லாவிட்டால் கம்பி கெட்டுவிடும் என்றார். ஆளுக்கொரு நியாயம்.

முத்து நம்பியது ஒரே காதை. அவன் மனைவி ரூபினி எல்லாக் கச்சேரிக்கும் வந்து மூன்றாம் வரிசையில் உட்காருவாள். பிளேடால் நூலைச் சுரண்டிவிட்டு வாசித்த அன்று அவளிடம் ஓடினான்.

"நூல எடுத்துட்டேன் ரூபி. தெளிவா கேட்டுச்சா?"

"கணீர்னு இருந்துச்சுங்க."

அடுத்த கச்சேரிக்கு நூலோடு புதுக் கம்பி மாட்டினான். "இன்னிக்கி அமுங்கிப் போச்சா?" "ஆமாங்க, கொஞ்சம் அமுங்கின மாதிரிதான்." இப்படியே மாதக்கணக்கில். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் பதிலை அவனே வைத்துக் கொடுத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு நிகழ்ச்சி. மாலையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்து இரண்டு கம்பியில் நூலைச் சுரண்டி, இரண்டில் விட்டுவைத்திருந்தான். வித்தியாசத்தைத் தானே கேட்கவேண்டுமாம். நீள வயரை மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே போய், பெரிய ஸ்பீக்கருக்கு நேரே நின்று வாசித்தான்.

ஒன்றும் வரவில்லை. நூல் உள்ள கம்பியிலும் இல்லை, இல்லாத கம்பியிலும் இல்லை.

சவுண்டு போடும் நரேஷிடம் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணா, உங்க லைனு பெரிய ஸ்பீக்கருக்குப் போகாம மூடித்தானே இருக்குது" என்றான் நரேஷ். "போன தீபாவளி ப்ரோக்ராம்ல உறுமுதுன்னு எத்திராஜண்ணன் மூடச் சொன்னாரு. ஆமேலே, அதுக்கப்புறம், யாரும் தெறன்னு சொல்லல. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எத்திராஜ் எங்கள் குழுத் தலைவர். மறந்திருப்பார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் ஏரியில் தள்ளியிருப்பேன். முத்து கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அப்ப ரூபி எதடா கேட்டா?"



நரேஷ் லைனைத் திறந்தான். முத்து நான்கு கம்பியையும் தட்டிப் பார்த்தான். நூல் உட்கார்ந்த கம்பிகள் கொஞ்சம் மந்தமாகத்தான் ஒலித்தன. அவன் சொன்னது சரிதான். அதைச் சொல்லிக் காட்டும் தெம்புகூட அவனிடம் இல்லை.

கச்சேரி தொடங்கியது. டோலக்குக்கு அடியில் அவன் பாஸ் தரையோடு தரையாக உருண்டு வந்தது. இத்தனை நாளும் எனக்குக் கீழே ஒன்றுமில்லாமல்தான் வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. மூன்றாம் வரிசையில் ரூபினி போனை மடியில் வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள். அப்புறம் முத்துவின் கையைப் பார்த்தாள். கடைசிப் பாட்டுவரை கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள். இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று பயந்து நானும் அங்கேயே நின்றேன். முத்து எதையும் கேட்கவில்லை. அவளும் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானா நீங்க வாசிக்கிறது?" என்றாள்.

கடிந்து பேச அவன் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்திருப்பான். கால் மாற்றி மாற்றி நின்றான்.

"ஆமா" என்றான்.