நீராவி போகாத பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். மொன்றியலின் பழைய கட்டடங்களில் நீராவிக் குழாய்களோடு இருபது வருடமாக மாரடிக்கிறவனுக்கு எந்தச் சத்தத்துக்கும் காரணம் தெரியும். நம்பினால் நம்புங்கள், அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் தேவாலயத்தில் கீழே கிழமை நாட்களில் கார்டெரி என்கிற பகல் பராமரிப்பு நிலையத்துப் பிள்ளைகள், சனிக்கிழமை தமிழ் வகுப்பு. மேலே ஞாயிறு பூசை மட்டும். ஒரே பொயிலரால் முழுவதையும் சூடாக்கினால் கட்டுப்படியாகாது என்று மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி வால்வு பூட்டியவன் நான்தான். மேல் வால்வை மூடினால் அங்கே நீராவி போகாது. கீழ்ச் சூடு மேலே ஓடாமல் மேல் அறைக் கதவுகளையும் அடைத்துத் தாழ்ப்பாள் போடவேண்டும், அதில் நான் மகா கண்டிப்பு.

அன்று வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மத்தியானம் மேலே கதவுகளை அடைத்துக்கொண்டு வந்தபோது குருவானவர் உடை மாற்றும் அறை திறந்து கிடந்தது, யாருடைய வேலை என்று வாய்க்குள் ஏசிக்கொண்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். பீடத்துணி எடுக்க என் மனைவி ஜெசிந்தா அதற்குள் போயிருந்தது எனக்குத் தெரியாது. அவள் பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துத் தமிழ் வகுப்பு டீச்சர் பொயிலர் அறைக்கு வந்தார்.

“அண்ணை, மேல ஆரோ தட்டுற மாதிரிக் கிடக்கு.”

“அது குழாய்க்குள்ள தண்ணி நிண்டு அடிக்கிறது டீச்சர். பயப்பிடாதேங்கோ.”

எல்லாருக்கும் சொல்லுகிற பதில்தான். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, திரும்ப மூன்று தட்டு. பாதிக் கோப்பையில்தான் உறைத்தது, மேல் வால்வைத் திங்கட்கிழமையே மூடிவிட்டேனே, நீராவியே போகாத குழாயில் என்ன அடிக்கும்?

மேலே ஓடிப்போய், சத்தம் வந்த அந்த உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாளைத் திறந்தேன். ஜெசிந்தா முக்காலியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, அலுமாரிக்குப் பின்னால் கிடந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்க்கிறேன், எனக்குப் பின்னால், சுவரோரம் அறையைச் சூடாக்குகிற இரும்பு ரேடியேட்டரில் மூன்று தட்டு. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவளிடம், “நல்ல காலம் நீ தட்டினது” என்றேன்.

“நான் தட்டேல்லையப்பா. கை கால் அசைக்க ஏலாமல் கிடந்தனான். நீங்கள்தான் வெளியால தட்டுறியள் எண்டு நினைச்சன். ஏன் கதவைத் திறக்கிறியள் இல்லை எண்டு அழுதனான்.”

அடுத்த நாள் பகலில், டீச்சரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு டோர்ச்சோடு போனேன். ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சுவரைப் பார்த்த பின்பக்கத்தில், இரண்டு விரல்கூட நுழையாத இடத்தில், பூச்சு புதிதாக உதிர்ந்திருந்தது.

ஜெசிந்தா அதை மாதா என்கிறாள், அந்த அறையில் மெழுகுதிரி கொளுத்துகிறாள். எனக்குப் பயம்தான். கதவு குளிருக்கு இறுகிவிட்டது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தாழ்ப்பாளைப் போட்டது யார் என்பது எனக்குத் தெரியும், அறைக்குள் இருந்த அதற்கும் தெரியும்.