குருசாமியின் கன்னத்துக்கு ஒரு கல்

1. சீசன் நடுவில் வந்த கத்தி

சிவகாசியில் அச்சகங்களின் கட்டிங் மெஷின் கத்திகளுக்குச் சாணை பிடிப்பது எங்கள் தொழில். ரீம் ரீமாகப் பேப்பரை வெட்டும் நீளமான, கனமான கத்திகள். சாணை மெஷினை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். மெஷினிலிருந்து இறங்கிய கத்தியைக் கல்லில் தேய்த்துப் பிசிறு எடுத்துக் கூர் ஏற்றி முடிப்பது என் வேலை. காலண்டர் சீசனில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

அப்படி ஒரு சீசனில்தான் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருக்கும் செல்வம் ஒரு சவரக்கத்தியுடன் வந்தார். பிளேடு மாட்டும் வகை இல்லை. கத்தியையே தீட்டிச் சவரம் செய்யும் பழைய மாதிரி மடக்குக் கத்தி. ஆன்லைனில் புதிதாக வரவழைத்திருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த கத்தி ஒரு முடியைக்கூட வெட்டவில்லை.

சவரக்கத்தி நான் தீட்டியதில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். யாருக்காகக் கேட்கிறார் என்று அப்போதுதான் சொன்னார்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை பார்த்தவர் குருசாமி. தீ விபத்தில் உயிர் பிழைத்தார். இடது கன்னத்தில் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். வலது பக்கம் தழும்பு தடித்து, வாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்துவிட்டது. சின்ன ஸ்பூன் போகும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். குழைத்த சோறும் கஞ்சியும்தான் சாப்பாடு. மதுரையில் ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து அந்த இழுப்பை விடுவிக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் தழும்புக்கு இடையில் திட்டுத்திட்டாகத் தாடி முளைத்தது. ட்ரிம்மர் போட்டால் மிச்சமிருக்கும் அடிமுடி உள்ளே சுருண்டு சீழ் வைத்தது. பிளேடு போட்டால் மேடுபள்ளத்தில் தட்டி ரத்தம் வந்து, அதுவும் புண்ணானது. ஆபரேஷனுக்குப் போன குருசாமியை, முகத்தில் சீழ் இருக்கும்போது கத்தி வைக்க முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மனுசன் பேசவே மாட்டேங்காருக்கா. வாராரு, உக்காருதாரு, போயிருதாரு" என்றார் செல்வம். "நீங்க முடியாதுன்னுட்டா நான் எங்கன போவேன்?"

கத்தியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

2. கூர் வந்தது, எரிச்சலும் வந்தது

கட்டிங் கத்தியை ஒரு கோணத்தில் சாய்த்துத் தேய்ப்போம். சவரக்கத்தி அப்படியில்லை. அதன் முதுகும் கூர் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். கோணத்தைக் கத்தியே வைத்துக்கொள்ளும். கை செய்ய வேண்டியது அழுத்தாமல் இருப்பது மட்டும். பல வருஷம் கனத்த கத்தியை அழுத்தித் தேய்த்த கைக்கு அழுத்தாமல் இருப்பதுதான் கஷ்டம். வீடியோக்களைப் பார்த்து, பட்டறையில் இருந்த ஆக நைஸான எட்டாயிரம் நம்பர் செயற்கைக் கல் வரை கொண்டுபோய், தோல்வாரில் இழுத்துக் கொடுத்தேன். என் தலைமுடி ஒன்றைக் கத்தியில் தொட்டதும் துண்டாகி விழுந்தது.

மறுநாள் செல்வம் கத்தியைத் திரும்பக் கொண்டுவந்தார். முடி போகிறது, ஆனால் முகம் முழுக்கத் தீயாக எரிகிறதென்று குருசாமி பாதியிலேயே எழுந்துவிட்டாராம். தீயில் வெந்த மனிதருக்கு இன்னொரு எரிச்சலை நான் கொடுத்திருக்கிறேன் என்பது அன்று முழுக்க மனதை அறுத்தது.

அச்சில் புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்துக் கத்தியின் கூர் விளிம்பைப் பார்த்தேன். செயற்கைக் கல்லின் கீறல்கள் விளிம்பு வரைக்கும் ஓடி, ரம்பப் பல் மாதிரி நின்றன. நல்ல தோல் அதைத் தாங்கும். ஒட்டிய தோல் தாங்காது.

3. ஜப்பான் மலைக்கல்

கடைசித் தீட்டலுக்கு ஜப்பானில் மலையிலிருந்து வெட்டியெடுக்கும் இயற்கைக் கல்லைச் சிலர் விரும்புவார்கள் என்று தெரிந்தது. அதன் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து இன்னும் நுணுக்கமாகிக்கொண்டே போகுமாம். கூர் குறையாது, ஆனால் மென்மையாகப் படும். பெங்களூரில் வரவழைத்து விற்கும் ஒருவரிடம் பேசி வாங்கினேன். வீட்டுக்காரர் பார்சலைப் பிரித்து, இதற்கா இந்தப் பாடு என்று பார்த்தார். வெளிறிய பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், சோப்புக் கட்டியைவிடச் சற்றுப் பெரிய கல்.

முதல் தடவை தேய்த்ததும் கூர் முன்னைவிட மோசமானது. லென்ஸில் பார்த்தால் அங்கங்கே பொடிப்பொடியாக உடைந்திருந்தது. கல்லை நகத்தால் தடவிப் பார்த்தபோது ஓர் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கோடு தட்டுப்பட்டது. மலைக்கல்லில் சில சமயம் இப்படிக் கடினமான கோடு ஓடும்; கூர் விளிம்பை உடைப்பது அதுதான். பெங்களூர்க்காரர் வேறு கல் அனுப்புகிறேன் என்றார். வந்து சேர நாளாகும். அதற்குள் குருசாமியின் முகம் இன்னொரு தடவை சீழ் கோத்துக்கொள்ளும். ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கோட்டை மட்டும் கல்லின் பரப்புக்குக் கீழே போகும்படி சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். தண்ணீர் இறங்கிக் கல் பிளக்காமலிருக்கப் பக்கவாட்டில் அச்சகத்து வார்னிஷைப் பூசிக் காயவைத்தேன்.

பட்டறையில் சாணைத் தூசி பறக்கும். ஒரு துகள் கல்லில் விழுந்தாலும் வேலை கெட்டது. அதனால் சமையலறை மேடையைக் கழுவித் துடைத்துவிட்டு அங்கே தீட்டினேன். சின்னக் கல் துண்டால் தேய்த்துக் கல்மேல் பால் மாதிரிச் சாந்து எழுப்பி, கத்தியை அதில் ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சாந்தைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் தெளிந்த தண்ணீரில் தீட்டல் முடியும். அப்போது கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது கைக்குத் தெரியும்.

பரீட்சைக்கு என் வீட்டுக்காரர் கன்னத்தைக் கொடுத்தார்.

"ஊரெல்லாம் கன்னம் இருக்கு, ஒனக்கு இதுதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வழித்து முடித்த பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டே, "ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, குருசாமிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

4. சலூனுக்குள்

இந்தத் தடவை குருசாமிக்கு எரிச்சல் இல்லை என்றார் செல்வம். ஆனால் தாடைக்கு மேலே இரண்டு இடத்தில் ரத்தம். மறுபடி தீட்டிக் கொடுத்தேன். அதே இரண்டு இடத்தில் ரத்தம்.

செல்வம் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு இனி தீட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அச்சகத்தில் கத்தி சரியாக வெட்டவில்லை என்றால் நேரில் போய் எந்தப் பேப்பரை வெட்டுகிறார்கள் என்று பார்ப்பேன். முகத்தை மட்டும் ஏன் பார்க்காமல் இருக்க வேண்டும்? ஆண்கள் சலூனுக்குள் பொம்பளை போவதா என்று வீட்டுக்காரர் தயங்கினார். நீங்களும் வாங்க என்று அழைத்துக்கொண்டு போனேன்.

நான் உள்ளே நுழைந்ததும் குருசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான்தான் இந்தக் கத்தியைத் தீட்டுகிறவள், ரத்தம் ஏன் வருகிறதென்று பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் துண்டை மெதுவாக இறக்கினார்.

"பாருங்கக்கா" என்றார். வாய் திறக்காததால் வார்த்தை பல்லுக்குள்ளேயே நின்றது. "எம் பொண்டாட்டியும் டாக்டரும் தவிர யாரும் கிட்டத்துல பாத்ததில்ல."

அனுமதி கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அந்த இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு தழும்பு மேட்டுக்கு நடுவில் குழிகள். ஒட்டிய தோல் இழுத்தாலும் விரிந்து கொடுக்காது. செல்வத்தைக் கத்தியை வைத்துக் காட்டச் சொன்னேன். குழிக்குள் கத்தியின் முனை மூலைதான் இறங்கியது. அது ஆணி மாதிரிக் கூராக இருந்தது. கூர் விளிம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. குத்தியது அந்த மூலை. மலைக்கல்லில் இன்னும் எவ்வளவு தீட்டியிருந்தாலும் அது போயிருக்காது.

கத்தியோடு வீட்டுக்கு வந்து, அந்த மூலையை லேசாகத் தேய்த்து உருண்டையாக்கினேன். பிறகு மறுபடி மலைக்கல், தண்ணீர், தோல்வார். அன்று சாயங்காலமே சலூனுக்குப் போனோம். செல்வம் வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, சோப்பு நுரை போட்டு, கொஞ்சங்கொஞ்சமாக வழித்தார். குழிக்கு வந்ததும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நானும்தான். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது.

5. பிறகு

சீழ் வைப்பது நின்றது; மழை ஓய்ந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறிக் கொஞ்ச நாள் கழித்துக் குருசாமியும் அவர் மனைவியும் பட்டறைக்கு வந்தார்கள். டீயும் வடையும் வாங்கி வரச் சொன்னோம். குருசாமி வடையைப் பிய்க்காமல் அப்படியே கடித்தார். முழுதாகத் திறக்கும் வாய் இல்லை, ஆனால் கடிக்கிற வாய். அவர் மனைவி தன் பங்கு வடையையும் அவர் தட்டில் வைத்தார்.

இப்போது வெளியூர்களிலிருந்தும் எனக்குச் சவரக்கத்திகள் கூரியரில் வருகின்றன. புதிதாகக் கல்லில் தீட்டப் பழகுகிறவர்களும் போனில் பேசுகிறார்கள். எந்த நம்பர் கல், எந்த மலைக் கல் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் சொல்லித் தருகிறேன். கல் முக்கியம்தான், அது இல்லாவிட்டால் குருசாமியின் எரிச்சல் போயிருக்காது. ஆனால் நான் முதலில் கேட்பது, இந்தக் கத்தி யார் முகத்தில் படப்போகிறது, அந்த முகத்தை நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா என்பதைத்தான். இல்லை என்கிறவர்களிடம், பார்த்துவிட்டுப் போன் பண்ணுங்கள், அதுவரை கல்லை நனைக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.