கண்ணுக்குப் போட்ட தண்ணீர்க் கட்டு

ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்தேன். ஒட்டிய பிளாஸ்டரை யாரோ வெடுக்கென்று பிய்த்ததுபோல் வலது கண் வலித்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவதை நிறுத்திவிட்டது.

சில வாரங்களுக்கு முன், கொழுந்து பறிக்கும்போது தேயிலைக் குச்சி ஒன்று அந்தக் கண்ணைக் கீறியிருந்தது. மருந்து விட்டு ஆறியும் விட்டது. ஆறிய கண் காலையில் மட்டும் ஏன் கிழிகிறது என்று எனக்குப் புரியவில்லை. என் கணவர் ஆறுமுகத்துக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியாதது எதுவும் கிடையாது.

"பெரட்டுக்குப் போகச் சோம்பலா இருந்தா நேரா சொல்லு. கண்ண எதுக்கு இழுக்கிற?" பெரட்டு என்றால் விடிகாலையில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்.

மறுபடி மறுபடி அப்படியே ஆகி, கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்ததும் அவரே பயந்துபோனார். எங்கள் ஊர் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி டவுன் கண் கிளினிக்குக்குப் போனோம்.

டொக்டர் அம்மா சிங்களவர். தமிழை நிதானமாகப் பேசினார். கருவிழிப்படலத்தில் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தோல்) புதுத்தோல் வளர்ந்திருக்கிறது, ஆனால் அடியில் பிடிப்பில்லை. தூக்கத்தில் இமை அதில் ஒட்டிக்கொள்கிறது, திறந்ததும் பிய்த்துவிடுகிறது என்றார். இப்படியே போனால் தழும்பு விழுந்து பார்வை மங்கிவிடுமாம். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும்போதே மலையில் சறுக்கி விழுகிறவள் நான்.

அவர் என் கண்ணில் ஒரு லென்ஸ் வைத்தார். ஹைட்ரோஜெல்லில் (தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும் நுண்ணிய வலைப்பின்னல்) செய்ததாம்.

"இது கண்ணுக்குப் போடுற கட்டு அம்மா. பாதி தண்ணிதான். தோல் பிடிக்கிற வரைக்கும் இமை உரசாது. கழட்ட வேணாம். குழாய்த் தண்ணி, புகை கூடாது. விழுந்தா நீங்க போடாதீங்க, இங்க வாங்க."

புகை கூடாது என்றதும் ஆறுமுகத்தின் முகம் தொங்கிவிட்டது. எங்கள் வீட்டில் விறகடுப்பு. அன்றிலிருந்து சமையல் அவருடையது. அவர் சுட்ட முதல் ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, போய்விட்டது.

ஆனால் கண் திறந்தால் வலி இல்லை. அந்த நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம்: கட்டு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டு மேரி அக்கா போன் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒன்னுமே இல்லியே புள்ள. ஒன்னய நல்லா ஏமாத்திப்புட்டாங்க."

பிறகு ஒரு காலையில் அது தலையணையில் கிடந்தது, மீன் செதில்போல் காய்ந்து. ஆறுமுகம் அலறினார்.

"ஐயையோ, கண்ணுத்தோலு கழண்டு விழுந்திருச்சு!"

லயமே வாசலில் கூடிவிட்டது. அவர் அதை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் செதில் ஊறி, மிருதுவாகி, பளிங்குபோல் ஆனது.

"பாத்தியா, உசுரோடதான் இருக்கு. கண்ணத் தொற, நானே போட்டுவிடுறேன்."

டொக்டர் சொன்னது நினைவில் இருந்தது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும் என்பதும் நினைவில் இருந்தது. கண்ணைத் திறந்து காட்டினேன். விரல் பக்கத்தில் வந்ததும் கொச்சிக்காய் நெடி அடித்தது. அவர் சற்றுமுன்தான் மிளகாய் போட்டுச் சம்பல் இடித்திருந்தார். கண் தானாக மூடிக்கொண்டது.

"கையக் கழுவுனீங்களா?"

"அதெல்லாம் எரியாதுடி. இங்க பாரு" என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

பஸ்ஸில் ஆளுக்கொரு கண்ணைப் பொத்திக்கொண்டு போனோம். மடியில் கிளாஸ்.

"யாருக்குக் கண் வருத்தம்?" என்று கேட்டுச் சிரித்த டொக்டர், கிளாஸைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இந்தத் தண்ணியில கிருமி இருக்கும். லென்ஸ் அதையும் சேர்த்து உறிஞ்சி வச்சிருக்கும். போட்டிருந்தா கண்ணே போயிருக்கலாம்."

புது லென்ஸ் போட்டார்கள். பழையதைக் குப்பையில் போடப்போனபோது ஆறுமுகம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சில மாதங்களில் தோல் பிடித்தது, லென்ஸையும் எடுத்துவிட்டார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்திருந்த வெள்ளிக் கண்மலரைக் கொண்டு போனோம். ஆறுமுகம் மடியிலிருந்து ஒரு தாளைப் பிரித்து, காய்ந்த லென்ஸையும் தட்டில் வைத்தார்.

பூசாரி அதிர்ந்துபோனார். "கோயிலுக்குள்ள மீன் செதிலா?"

தீட்டுக் கழிக்கத் தீர்த்தத்தை அள்ளி அதன்மேல் ஊற்றினார். கண்மலரைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது செதிலைக் காணவில்லை. தட்டில் பளபளவென்று ஒரு கண் இருந்தது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் குலவைச் சத்தம் கிளம்பியது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்; ஆறுமுகம் என் கையை அழுத்தினார். அவர் கண் இரண்டும் கலங்கியிருந்தன. இந்தத் தடவை கொச்சிக்காய் இல்லை.

உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் ஒன்று சொல்கிறேன். விழித்தவுடன் கண்ணைத் திறக்காதீர்கள். மூடிய இமைக்குள் விழியை மெல்ல உருட்டி, ஈரம் பரவும்வரை காத்திருங்கள். டொக்டர் எனக்குச் சொன்னது அதுதான். இத்தனை வருடம் பெரட்டுக்கு அடித்துப் பிடித்து எழுந்தவள், இப்போது என் கண்ணுக்குத் தண்ணீர் ஊறட்டும் என்று படுத்திருக்கிறேன்.

"நேரமாச்சுடி!" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். கூடவே ரொட்டி கருகும் வாசனையும் வரும்.

"இருங்க, வாறேன்" என்பேன். பிறகுதான் திறப்பேன்.